ஒன்றைத் தொடாமல் வைத்தவள்

அவளோடு ஒரே அறையில் குடியிருந்த காலத்தில் என் சாமான் எதுவும் ஒழுங்காக இருந்ததில்லை. ஊறுகாய் போட்டால் இரண்டு ஜாடி. ஒன்றில் உப்பு சரியாக இருக்கும், மற்றதில் உப்பே இருக்காது. என்னுடைய இரண்டு வெள்ளை ரவிக்கைகளில் ஒன்றைச் சவுக்காரம் போட்டும் இன்னொன்றை வெறும் தண்ணீரிலும் அலசிக் காயவைத்து, எது முதலில் பழுப்பேறுகிறது என்று பார்ப்பாள். நான் கோபம் வந்து கத்தினால், "ஒண்ணைத் தொடாம வெக்கணும் டீச்சர். அப்பத்தான் மத்ததுல என்ன நடந்துச்சுன்னு தெரியும்" என்பாள். குரலை உயர்த்தவே மாட்டாள். அவளோடு சண்டை போடுவதும் சுவரோடு சண்டை போடுவதும் ஒன்றுதான்.

எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் பெண்கள் பள்ளி ஒன்றில் அவள் சயன்ஸ் டீச்சர், நான் தையல் டீச்சர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டின் முன்கட்டு அறையை இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஜாதகம் தட்டிக்கொண்டே போனது. அவளுக்கு ஏன் ஆகவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டால், இரண்டு மாப்பிள்ளை பார்த்து ஒருவனைத் தொடாமல் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

திருப்பருத்திக்குன்றத்துச் சமண வீட்டுப் பெண் அவள். தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டாள், விளக்கு வைத்த பிறகு சாப்பிட மாட்டாள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தண்ணீரிலும் காற்றிலும் நிறைந்திருக்கின்றன என்பது அவர்கள் வீட்டில் குழந்தைகளுக்குப் பேச்சு வரும்போதே தெரிந்துவிடும். காலேஜுக்குப் போய் அவள் புதிதாகக் கற்றுக்கொண்டு வந்தது ஒரு கேள்வியைத்தான். "எப்படித் தெரியும்?" மழை வரும் என்றால் எப்படித் தெரியும். அந்தப் பெண் நல்லவள் என்றால் எப்படித் தெரியும். கேட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நம்மையே பார்ப்பாள். கண்ணிமைக்க மறந்துபோன பார்வை. பதில் வரும்வரை அப்படியே இருப்பாள்.

ஒரு மழைநாளில் கம்பளி எடுக்க அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்துவிட்டேன். இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, நுனி வளைந்து ஏதேதோ என் கையை நோக்கி நீண்டிருந்தன. நான் போட்ட கூச்சலில் பின்கட்டுத் தறியே நின்றுபோனது. அவள் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "மூடிடுங்க டீச்சர், வெளிச்சம் பட்டுடும்" என்றாள். அவரைக்கொட்டை. ஜன்னலில் வைத்திருந்த ஒரு கிண்ணத்தில் பச்சையாக முளைத்திருந்தது, அதற்கு ஜோடி இது. வெளிச்சம் இல்லாவிட்டாலும் உயிர் வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு நீளும் என்று விளக்கம் சொன்னாள். விளக்கம் கேட்ட பிறகு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் படுக்க எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

பள்ளியிலும் இதே கூத்துதான். உயிருள்ளது, உயிரற்றது என்ற பாடத்துக்கு வேகவதி ஆற்றிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "இதுக்கு உயிர் இல்லைன்னு எப்படித் தெரியும்?" பிள்ளைகள் சிரித்தார்கள். சாப்பிடாது, வளராது, மூச்சு விடாது, குட்டி போடாது என்று புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்தார்கள். "நீங்க பாத்தீங்களா? எத்தனை நாள் பாத்தீங்க?" என்று கேட்டுவிட்டு, தினமும் வகுப்பு தொடங்கும்போது அந்தக் கல்லைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னாள். பேசக்கூடாது, பார்க்க மட்டும்தான் வேண்டும். அரைப்பரீட்சை வருவதற்குள் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கல்லுக்குப் பயந்தார்கள். ஒருத்தி அது நகர்ந்ததாகச் சத்தியம் செய்தாள். என் தையல் வகுப்புக்கு வந்து, "மிஸ், அந்த ரூமுக்கு நாங்க போவ மாட்டோம் மிஸ்" என்று அழுதார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கல்லை எடுத்துத் தோட்டத்தில் போடச் சொன்னார்.

ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் அவளுக்கும் ஏற்கெனவே ஆகாது. தவளையை அறுக்க மாட்டேன் என்று சொன்ன சயன்ஸ் டீச்சரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. பள்ளியில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டி, "உடைஞ்சா யார் பொறுப்பு?" என்று சொல்லிவிட்டார். அதனால் அவள் எதைப் பார்ப்பதாக இருந்தாலும் சட்டியும் கிண்ணமும் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பல்லி கதையையும் சொல்லிவிடுகிறேன். உத்தரத்திலிருந்து ஒரு பல்லி என் தோளில் விழுந்து, அங்கிருந்து துள்ளி அவள் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. தோளில் விழுந்தால் பரவாயில்லை, தலையில் விழுந்தால் மரணம் என்பது பஞ்சாங்கம். பல்லி தோஷத்துக்குப் பரிகாரம் வேண்டுமென்று ஊர் ஊராக ஜனங்கள் வந்து வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். நாங்கள் சைக்கிள் ரிக்‌ஷா தூரத்தில் இருக்கிறோம், போகாமல் இருப்போமா? இழுத்துக்கொண்டு போனேன். நான் ஏறித் தொட்டேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கீழேயே நின்றாள்.

"ஏறுங்க டீச்சர், பின்னாடி கூட்டம் நிக்குது."

"நீங்க தொட்டாச்சு. நான் தொடாம இருக்கேன். கெடுதி அதிகம் எனக்குத்தானே? நான் இருந்தா உங்களுக்கும் தெரியும், போனாலும் தெரியும்."

அதன்பின் பல நாள் தூக்கம் கலையும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டுவிட்டு வந்த நான்தான் கோயில் படியிலேயே கால் பிசகி நொண்டினேன். அவள் சிரித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "ஒரு தடவை நடந்ததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது டீச்சர்" என்று சொல்லி எண்ணெய் தேய்த்துவிட்டாள். நல்லவள்தான். நல்லவளோடு இருக்கிறோம் என்ற நிம்மதி மட்டும் அவளோடு இருக்கும்போது வராது.

நாங்கள் குடியிருந்த வீட்டில் வீட்டுக்காரம்மாவும் அவளுடைய ஒரே மகனும் இருந்தார்கள். மகன் தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டான், வாய் திறந்து பேசவும் மாட்டான். அவனுடைய முதல் மனைவி, நாங்கள் குடிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், பிள்ளை பெற்ற வாரத்திலேயே ஜன்னி கண்டு செத்துப்போயிருந்தாள். குழந்தையும் தங்கவில்லை. சீக்கிரமே சரசுவைக் கட்டி வைத்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பெண். வாலாஜாபாத்தில் அண்ணன் வீட்டில், அண்ணியின் வசவுக்கு நடுவில் வளர்ந்தவள். இங்கே வந்த பிறகுதான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. அந்தக் கார்த்திகையில் அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகச் செத்தவளை மறந்துவிட முடியாது. அவள் பூவாடைக்காரி ஆகிவிடுகிறாள், அந்த வீட்டுத் தெய்வம். வருஷத்துக்கு ஒருமுறை புதுப்புடவையும் பூவும் வைத்துச் சோறு படைத்து, வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று அறைக் கதவை மூடிவிடுவார்கள். சில வீடுகளில் கொஞ்ச நேரம்தான் மூடுவது. இந்த வீட்டில் உச்சிப்பொழுதில் படைத்தால் மறுநாள் பொழுது சாயும்போதுதான் திறப்பார்கள். அந்த வருஷப் படையலுக்குச் சரசு விடியலிலேயே எழுந்து குளித்து, மூத்தாளுக்குத் தன் கையால் சமைத்தாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் ஓதம்.

மறுநாள் கதவைத் திறந்த வீட்டுக்காரம்மா அலறியது தெருக்கோடிவரை கேட்டது. நாங்களும் ஓடினோம். இலையில் குவித்திருந்த சோற்றின் மேல் ரத்தம். சொட்டுச் சொட்டாக, ஈரமாக, அப்போதுதான் சிந்தியது போலப் பளபளத்தது. பக்கத்தில் மடித்து வைத்த புதுப்புடவையில் ஒரு துளிகூட இல்லை.

"வந்துட்டாடி எம்மா! சோத்துல ரத்தத்தத் துப்பிட்டுப் போயிருக்கா!"

எல்லோரும் பின்வாங்கினோம். என் அறைக்காரி இவள் மட்டும் உள்ளே போய், இலைக்கு முன் மண்டியிட்டு, மூக்கு சோற்றில் படும்படி குனிந்து பார்த்தாள். முகர்ந்தாள். தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள். தெருப் பெண்கள் சோற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினார்கள். நான் தோளைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அதன்பின் சரசு சமைத்து மீந்த சோற்றிலெல்லாம் அதே சிவப்பு வந்தது. பக்கத்து வீடுகளில் வரவில்லை. எலுமிச்சம்பழம் அறுத்தார்கள், வாசலில் சாம்பிராணி போட்டார்கள், சரசுவின் கையில் கயிறு கட்டினார்கள். கடைசியில் வீட்டுக்காரம்மா முடிவெடுத்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து அழைத்துப் போக வேண்டும்.

"மூத்தாளுக்கு இவ ஆகல. இங்க வெச்சிக்கினு இருந்தா வயித்துல கீறதையும் சேத்து எடுத்துக்கினு போயிடுவா. எனக்கு இன்னா, ஆசையா?" என்று எங்களிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். பொய் அழுகை இல்லை அது.

சரசு எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணி சேக்க மாட்டாங்க டீச்சர். சும்மாவே நான் வந்தா பேஜாருன்னுவாங்க. இப்ப பேய் ஒட்டினு வந்தவன்னு பேராயிடுச்சுன்னா வயித்துப் புள்ளையோட நான் எங்க போவேன்?"

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். இவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நேரே வீட்டுக்காரம்மாவிடம் போனாள்.

"அண்ணனுக்குச் சொல்லி அனுப்பறத இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கம்மா. அவளாலதான் வருதா, வேற எதாலயாவது வருதான்னு பாத்துடறேன்."

"வேற இன்னா கீது?"

"தெரியலம்மா. அதனாலதான் பாக்கணுங்கறேன்."

படித்தவள் கேட்கிறாளே என்று வீட்டுக்காரம்மா ஒப்புக்கொண்டாள். ஒரே அரிசி, ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே மாதிரி மண்சட்டி. சரசு ஒரு சட்டி, வீட்டுக்காரம்மா ஒரு சட்டி, நான் ஒரு சட்டி சமைக்க வேண்டும். அவரவர் வழக்கம்போல ஆறவைத்து மூடி எங்கள் அறையில் வைத்துவிட வேண்டும். என் தலைமாட்டுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் அந்தச் சட்டிகள் இருந்தன. நான் முருகா முருகா என்று படுத்திருந்தேன்.

திறந்தபோது என் சோறு வெள்ளை. வீட்டுக்காரம்மா சோறு வெள்ளை. சரசுவுடையதில் மட்டும் சிவப்பு.

"போதும் டீச்சர். நீங்களே காட்டிட்டீங்க. அந்தப் பொண்ணு போய்த் தொலையட்டும், நாமளும் வேற வீடு பாக்கலாம்" என்றேன். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது. ஆனால் சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரசு சமைச்சதுல வருதுன்னுதான் தெரிஞ்சிருக்கு. சரசுவால வருதுன்னு தெரியல" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது. சரசுவைக் கூப்பிட்டு, அரிசி களைந்ததிலிருந்து மூடியதுவரை செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சொன்னது. களைந்தேன், வடித்தேன், தட்டில் கொட்டி ஆறவைத்தேன், காய்ந்து போகாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூடினேன்.

"துணியா? நாங்க ரெண்டு பேரும் தட்டு போட்டில்ல மூடினோம்" என்றேன் நான்.

"எங்க வூட்ல அப்படித்தான் டீச்சர் மூடுவோம். படையல் சோத்தையும் எலையில போடறவரைக்கும் அப்படித்தான் மூடி வெச்சேன்."

"எந்தத் துணி?" என்று கேட்டாள் இவள்.

சரசு போய் அடுப்படி ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்து வந்தாள். நைந்த பச்சை நூல்துணி, ஓரத்தில் மஞ்சள் கட்டம். "அத்த கிழிச்சுக் குடுத்தாங்க. மூத்தாளோட பழைய பொடவ. வீணாப் போவானேன்னு."

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். இவளோ அந்தத் துணியை இரண்டு கையாலும் வாங்கி விரித்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

துணியை இரண்டாகக் கத்தரித்தாள். ஒரு பாதியை அப்படியே வைத்தாள். மற்றதைக் கொதிக்கவைக்க வேண்டும். ஸ்டவ்வை என்னைப் பற்றவைக்கச் சொன்னாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை கையில் துணியோடு நின்றாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

"யார் செத்தான்னு பட்டினி கிடக்கறீங்க?"

"எத்தனையோ உயிர் டீச்சர். தெரிஞ்சே செஞ்சேன்" என்றாள்.

இந்தத் தடவை சோறு முழுக்க நான் வடித்தது. கொதித்த துணி மூடிய சோறு வெள்ளையாக இருந்தது. தட்டு மூடியதும் வெள்ளை. கொதிக்காத பாதி மூடியதில் சிவப்பு. நான் வடித்த சோற்றில்! பயத்துக்கு நடுவிலும் எனக்குப் பெரிய நிம்மதி. சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போனோம்.

"இது ரத்தம் இல்லம்மா. இது ஒரு சின்ன உயிர். ஒண்ணு ஒண்ணா கண்ணுக்குத் தெரியாது, கூட்டமா ஆனா சிவப்பாத் தெரியுது. சோத்தைத் தின்னுது, வளருது, பெருகுது. ஈரம் இருந்தா இருக்கும், கொதிக்க வெச்சா செத்துடும். துணியிலேருந்து வருது. சரசுகிட்டேருந்து வரலை."

வீட்டுக்காரம்மா கன்னத்தில் கை வைத்துப் பொறுமையாகக் கேட்டாள். "அததானே நானும் சொல்றேன் டீச்சரம்மா. மூத்தா பொடவைல உயிரு கீதுன்னு நீயே சொல்ற. அது வேற யாரு உயிரா இருக்கும்?"

உண்மையைச் சொன்னால், அவள் சொன்னதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது. இவளும் உடனே மறுக்கவில்லை. தலையைச் சாய்த்து யோசித்துவிட்டு, "சரிம்மா. அவதான்னே வெச்சுக்குவோம். அவளுக்குச் சரசு மேலதான் கோவம்னா உங்க கையால மூடினா வரக்கூடாதுல்ல?" என்று கேட்டாள்.

"எப்படி வரும்? எம்மேல அவளுக்கு இன்னா கோவம்? பெத்த பொண்ணாட்டம் வெச்சிருந்தேன்."

"அப்ப நீங்களே வடிச்சு, நீங்களே அந்தத் துணியால மூடுங்க."

வீட்டுக்காரம்மா குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் இல்லாத குறைக்கு விபூதி பூசிக்கொண்டு, சோறு வடித்தாள். கொதிக்காத பாதித் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மூடினாள். பூவாடைக்காரிக்குப் படைத்த அதே அறையில் தானே கொண்டுபோய் வைத்தாள். அந்தச் சட்டி திறக்கும்வரை சரசு சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனுக்குச் சொல்லி அனுப்ப ஆள் தயாராக இருந்தான்.

திறந்தபோது நாங்கள் எல்லோரும் இருந்தோம். துணியை எடுத்ததும் சட்டியில் வெள்ளை என்று சொல்ல இடமே இல்லை. முன்னே வந்ததையெல்லாம்விட அதிகமாக, திட்டுத் திட்டாகச் சிவப்பு.

வீட்டுக்காரம்மா கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவள் பேசத் தொடங்கியபோது முதலில் யாரிடம் பேசுகிறாள் என்றே புரியவில்லை.

"தண்ணி தண்ணின்னு கேட்டா. பச்ச ஒடம்பு, தண்ணி குடுத்தா ஜன்னி ஏறும்னு எங்கம்மா சொல்லும். எனக்கும் அப்படித்தான் குடுக்காம வெச்சாங்க. நான் பொழச்சேன். ஒடம்பு நெருப்பாட்டம் கொதிக்குது, நாக்கு உள்ள இழுத்துக்கினு கையால காட்றா. நான்தான் சொம்ப எட்டாத எடத்துல வெச்சேன். அதையே பாத்துக்கினு கெடந்தா. பாத்துக்கினே போயிட்டா."

பின்கட்டில் தறிச் சத்தம் நின்றது. மகன் வந்து நிலைப்படியில் நின்றான். அவனுக்கும் அதுவரை தெரியாது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. சரசு வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரம்மா தரையில் நகர்ந்து வந்து இவள் முந்தானையைப் பிடித்தாள். "நீ படிச்சவ. நீ சொல்லு. அவதானே? என்னத் தேடிக்கினுதானே வந்தா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். கிருமி என்று சொல், பூஞ்சை என்று சொல், எதையாவது சொல்.

"துணியிலேருந்து வருதும்மா. யார் மூடினாலும் வரும். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

"அவ வந்தாளா, இல்லியா?"

"அதை நான் சோதிச்சுப் பாக்கலை" என்றாள்.

அன்று மாலை அவளை நான் பிடிபிடியென்று பிடித்தேன். வயசான பொம்பளை முந்தானையைப் பிடித்துக் கேட்கிறாள், இல்லையென்று சொன்னால் உன் சயன்ஸ் குடி முழுகிப் போய்விடுமா? "இல்லைன்னு எப்படித் தெரியும் டீச்சர்?" என்று கேட்டாள். வீம்பு இல்லை அந்தக் குரலில். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. செத்தவளைவிட இவளுக்குத்தான் அன்று நான் அதிகமாகப் பயந்தேன், சொல்ல வெட்கமாக இல்லை.

சரசுவை அனுப்பும் பேச்சு அதோடு நின்றது. மீதித் துணியை வீட்டுக்காரம்மாவே எடுத்துக்கொண்டு போய் வேகவதியில் விட்டாள். அவள் பேச்சு குறைந்துபோனது. மகன் அம்மாவோடு பேசுவதை அடியோடு விட்டுவிட்டான். சரசு மட்டும் நாளுக்கு நாள் எங்கள் அறைப் பக்கம் அதிகமாக வந்தாள், ஏதோ கேட்க வாயெடுத்துவிட்டுக் கேட்காமல் போனாள். வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியபோது ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"டீச்சர், தண்ணி குடுத்தா நெசமாவே ஜன்னி வருமா? இல்ல, குடுக்காததாலதான் செத்தாங்களா?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு ஜாடி, இரண்டு கிண்ணம், இரண்டு ரவிக்கை. இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தேன்.

"இதுக்கு ஒண்ணைத் தொடாம வெக்க வேண்டியதில்லம்மா. வெச்சுப் பாத்தாச்சு" என்றாள். பிறகு, "நான் இருப்பேன். நான் குடுக்கறேன்" என்றாள்.

சொன்னபடி இருந்தாள். கோடை விடுமுறைக்கு நான் மட்டும் பேருக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினேன், அவள் ஊரை அடுத்திருக்கும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கத்திரி வெயிலில் ஒரு பிற்பகல் முனிசிபாலிட்டி நர்ஸம்மா வந்து பிரசவம் பார்த்தாள். பெண்குழந்தை. நர்ஸம்மா போனதும் இவள் வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆற்றிய சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அதற்குள் வீட்டுக்காரம்மா எதிரில் வந்து நின்று கையை நீட்டினாள். இவள் சொம்பைக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்காரம்மா இரண்டு டம்ளர் எடுத்து வந்தாள். ஒன்றில் ஊற்றி, சரசுவின் தலையைத் தன் கையால் தாங்கிக் குடிக்கவைத்தாள். சரசு குடிக்கும்போது டம்ளரைப் பார்க்கவில்லை, மாமியார் முகத்தையே பார்த்துக்கொண்டு குடித்தாள். இன்னும் என்று கேட்டாள். இன்னும் கொடுத்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு வீட்டுக்காரம்மா இரண்டாவது டம்ளரை நிரப்பி, வெளியே அறை வாசலில், சுவர் மூலையில் தரையில் வைத்தாள். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் குழந்தையைப் பார்க்க நாங்கள் இருவரும் போனோம். மூலையில் டம்ளர் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் வீட்டுக்காரம்மா குந்தியிருந்தாள். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருப்பாள் போல. தண்ணீர் விளிம்புக்கு நன்றாகக் கீழே நின்றது.

"டீச்சரம்மா, கொறஞ்சிருக்குதா பாரு."

வெயிலுக்கு வற்றியிருக்கும். பூனை வந்து குடித்திருக்கும். தூக்கிப் போகும்போதே தளும்பிச் சிந்தியிருக்கும். இவள் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லி, வா, இன்னொரு டம்ளர் வைத்துப் பார்க்கலாம் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் குனிந்து டம்ளரைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலையேம்மா. முதல்ல எவ்ளோ இருந்துச்சுன்னு நான் பாக்காம விட்டுட்டேன்" என்றாள்.

வீட்டுக்காரம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். இவள் உள்ளே போய்க் குழந்தையைக் கையில் வாங்கினாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முந்தின நாள் அந்த டம்ளர் விளிம்பு தளும்ப நிறைவதை, தலையைச் சாய்த்து, கண்ணிமைக்காமல் அவள் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்திருந்தேன்.